குளியல் முதலில், சோறு பிறகு

வணக்கம் அண்ணா,

பள்ளி விடுமுறையில் நம் கெடா மாநிலத்து ஜெராய் மலை அடிவாரத்து அருவிக் குளங்களுக்கு நடந்து போகலாம் என்றிருக்கிறோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நால்வர் (சின்னவனுக்கு 6 வயது), 63 வயது அம்மாவும் வருகிறார். காலையில் சமைத்து எடுத்துக்கொண்டு பத்தரைக்குக் கிளம்பி, மேல் குளம் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் குளித்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். சுலபமான நடைதானே? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு வாசகி, பீடோங்

அன்புத் தங்கைக்கு,

நடை சுலபம்தான். நேரம்தான் தப்பு. வெயில் தாழ்ந்ததும் குளிக்கிற பழக்கம் வீட்டுக் குழாயடிக்குச் சரி, ஜெராய்க்கு ஆகாது.

பீடோங் கடைத்தெருவிலிருந்தே அந்த மலையைப் பார்க்கிறீர்கள். சுற்றிலும் வயலும் செம்பனையும் தட்டையாகக் கிடக்க, நடுவில் 1,217 மீட்டருக்கு ஒற்றையாக எழுந்து நிற்கிறது. கடற்காற்று அதில் மோதி மேலேறுவதால் காலையில் தெளிவாகத் தெரியும் உச்சி மத்தியானத்துக்குள் மேகத்தில் மறைந்துவிடும். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். ஓடைகளெல்லாம் குட்டையானவை, செங்குத்தானவை. உச்சியில் கொட்டியது கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடும், அப்போது குளத்தில் வெயிலடித்துக்கொண்டிருக்கலாம். இப்படித் திடீரென இறங்கும் வெள்ளத்தைத்தான் மலாயில் கெபாலா ஆயர் என்கிறார்கள். மேலே மரமும் மண்ணும் சரிந்து ஓடையை அடைத்திருந்தால் இன்னும் மோசம். தேங்கிய தண்ணீர் அடைப்பை உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி யான், மெர்போக் பக்கம் பாறையும் அடிமரமுமாக வந்தது அப்படிப்பட்ட வெள்ளம்தான். 6 பேர் இறந்தார்கள்.

ஆகவே திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். வீட்டில் பசியாறிவிட்டு 7 மணிக்குப் புறப்படுங்கள். ஏழரைக்கு, வெளிச்சம் வந்ததும் நடை. ஒன்பது மணிக்குள் குளம். பதினொன்றரைக்கு எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே. பன்னிரண்டரைக்குக் கார் நிற்கும் இடத்தில் சோறு. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இதையும் அரை மணி முன்னே தள்ளுங்கள். முந்தின இரவு மலையில் இடியும் மழையுமாக இருந்தால் பயணத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைத் தார்ச்சாலைக் கணக்கில் போடாதீர்கள். சின்னவனும் அம்மாவும் இருக்கும் கூட்டம் காட்டில் ஒரு மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான் போகும். போக ஒன்றரை கிலோமீட்டர், ஏற்றம் 150 மீட்டருக்குள், இதுதான் உங்கள் எல்லை. படிக்கட்டு முடிந்து வேரும் களிமண்ணும் தொடங்கும் இடத்தோடு நின்றுவிடுங்கள். மேல் குளங்கள் அழகுதான், ஆனால் இந்தக் கூட்டத்துக்கு அல்ல. வனக்காப்புப் பகுதிக்குள் ஏற வன இலாகாவின் பெர்மிட் வேண்டியிருக்கும், மாலிம் குனோங் என்கிற வழிகாட்டியும் வேண்டியிருக்கும். கீழ்க்குளங்களுக்குப் போவதானாலும் அந்த வாரம் திறந்திருக்கிறதா என்று மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

குளத்துக்குப் போனதும் முதல் வேலை, ஏறி ஓடக் கரையில் மேடு எங்கே என்று பார்த்துவைப்பது. நடு ஆற்றுப் பாறையில் பாய் விரிக்காதீர்கள், தண்ணீர் கூடினால் அது தீவாகிவிடும். நீந்தாத ஒரு பெரியவர் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தெளிந்த நீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வருவது, மண்வாடை, தூரத்து இரைச்சல், இவற்றில் ஒன்று போதும். பையை எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர் முந்திவிடும்.

அருவி நேராக விழும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். அங்கே தண்ணீரில் காற்று கலந்து நுரைத்திருக்கும், உடம்பைத் தாங்காது. அடியில் சுழல் உள்ளிழுக்கும். போன தடவை இடுப்பளவு இருந்த குழி இந்தத் தடவை தலைக்கு மேல் இருக்கலாம், ஒவ்வொரு வெள்ளமும் மணலை மாற்றிப் போடுகிறது. குதிக்கவே கூடாது. பெரியவர்களின் முழங்காலுக்கு மேல் ஓடும் நீரைக் கடக்கவும் வேண்டாம்.

காலணிக்கு விலையுயர்ந்த கடைகளைத் தேட வேண்டாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்வோமே, அதுதான் சரியான பொருள். ஒரே வார்ப்பு என்பதால் பிரிந்துவர ஒட்டிய அடிப்பாகமே கிடையாது. அடியிலுள்ள குமிழ்கள் களிமண்ணைக் கவ்வும், ரப்பர் தண்ணீர் குடிக்காது. ஆனால் வெறுங்காலில் போட்டால் அரை மணியில் குதிகால் உரிந்துவிடும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். பாசி படிந்த பாறையில் அதுவும் வழுக்கும், அங்கே பாறையில் ஏறாமல் கற்களுக்கு இடையில் கால் வையுங்கள்.

பெரியவருக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், பிள்ளைக்கு முக்கால். ஓடை நீரைக் குடிக்க வேண்டாம், குளிக்கும்போது விழுங்கவும் வேண்டாம். எலிச் சிறுநீரால் வரும் கிருமி அதில் இருக்கலாம். காலில் கீறல் இருந்தால் நீர்புகா பிளாஸ்திரி போடுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் அருவியில் குளித்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கிப் பரிசோதனையோடு அனுப்பிவிடக்கூடும். அட்டை கடித்தால் இழுக்காதீர்கள், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விழுந்துவிடும்.

சோற்றில் தேங்காய்ப்பால் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் நண்பகலுக்கு முன்பே புளித்துவிடும். புளிச்சோறும் பொரித்த நெத்திலியும் தாங்கும். கோழி கட்டாயம் என்றால் ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள்.

மிச்சப் பிற்பகலுக்கு மெர்போக் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலின் இடிபாட்டை, அம்மாவுக்குக் காட்டலாம், கடாரம் என்று பள்ளியில் படித்ததைப் பிள்ளைகளும் நேரில் பார்ப்பார்கள். மழை வந்தால் ஒதுங்கக் கூரை உண்டு. ஒன்று மட்டும், சண்டியை ஒட்டி மெர்போக் கெச்சில் ஆறு ஓடுகிறது, இன்னொரு குளியலுக்குப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அதுவும் அதே மலையிலிருந்து வருகிற தண்ணீர்தான். இறங்க விடாதீர்கள்.

அன்புடன்.