புல்லட்டுக்கு மாற்று முன் ஃபோர்க்: எதை அளந்து வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டு வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 இருக்கிறது. அதை கஃபே ரேஸர் பாணியில் மாற்றி வருகிறேன். சென்னை புதுப்பேட்டையில் கே.டி.எம். டியூக் 390 வண்டியின் 43 மி.மீ. யு.எஸ்.டி. (தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ்) ஃபோர்க், கால்களைப் பிடித்திருக்கும் மேல் கீழ் பிளேட்டுகளோடு விலைக்கு வந்திருக்கிறது. பழைய 19 அங்குல முன்சக்கரத்தையும் டிரம் பிரேக்கையும் அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஸ்டெம்மை (பிளேட்டுகளை இணைத்து, சேசிஸுக்குள் சுழலும் தண்டை) வெட்டி வெல்டிங் செய்து பொருத்தித் தருவதாகக் காட்பாடி லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நீங்கள் சொல்லும் ஏற்பாட்டின்படி என்றால் வாங்க வேண்டாம். ஃபோர்க் தரமானதுதான், ஆனால் அதோடு நீங்கள் சேர்க்க நினைக்கும் சக்கரமும் பிரேக்கும் அதற்குப் பொருந்தா.

முதலில் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். டிரம் பிரேக்கின் தட்டு, பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் இருக்க, ஃபோர்க் காலில் அதைத் தடுத்து நிறுத்தும் பிடிப்பு ஒன்று வேண்டும். டிஸ்க் பிரேக்குக்காகச் செய்யப்பட்ட டியூக் ஃபோர்க்கில் அது இல்லை. அலுமினியக் காலில் கிளிப் போட்டோ வெல்டிங் செய்தோ ஒரு பிடிப்பை உண்டாக்கினால், முழு பிரேக் விசையும் அந்த ஒரு இடத்தில் விழும்; அது விட்டுப்போனால் தட்டு சுழன்று, கேபிளை இழுத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஆகவே யு.எஸ்.டி. ஃபோர்க் வேண்டுமென்றால் அதே வண்டியின் 17 அங்குலச் சக்கரம், அச்சு, டிஸ்க், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாக வாங்குங்கள். துண்டு துண்டாகத் தேடினால் செலவு கூடும், அச்சின் தடிமனில் தொடங்கி எதுவும் ஒத்துவராது.

அடுத்தது பலர் கவனிக்காமல் விடும் ஆஃப்செட். ஸ்டெம்மின் மையத்திலிருந்து ஃபோர்க் குழாய்களின் மையம் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்பதே அது. அச்சு, காலின் நேர்கோட்டுக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டெம்மின் சாய்வான மையக்கோட்டை நேராகத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையேயான தூரம் டிரெயில். வண்டி நேராக ஓடுவதும், ஹேண்டில் கனப்பதும் இலேசாவதும் பெரும்பாலும் இந்தத் தூரத்தைப் பொறுத்தவை. சக்கர ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் (அந்தக் கோடு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) சைனால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, வருவதை அதே கோணத்தின் கோசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டுக்காக, சாய்வு 27 டிகிரி, டயரோடு சேர்த்து 19 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 325 மி.மீ., ஆஃப்செட் 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் டிரெயில் ஏறத்தாழ 98 மி.மீ. ஆகிறது. அதே சக்கரத்தை 32 மி.மீ. ஆஃப்செட் கொண்ட நவீன பிளேட்டுகளில் மாட்டினால் அது 130 மி.மீ.க்குப் போய்விடும், குடியாத்தம் கடைவீதியில் மெதுவாகத் திருப்பும்போதே தோள் வலிக்கும். மாறாக அதே பிளேட்டுகளில் 295 மி.மீ. ஆரமுள்ள 17 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் முன்பக்கம் 30 மி.மீ. தாழ்கிறது. ஏறக்குறைய 1,370 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையேயான தூரம்) உள்ள வண்டியில் முன்பக்கம் 25 மி.மீ. தாழ்ந்தால் சாய்வு சுமார் ஒரு டிகிரி குறையும் என்பதால், டிரெயில் 107 மி.மீ. அளவில் வந்து நிற்கும். ஓட்டத்தக்க அளவுதான். இவை கணக்கின் போக்கைக் காட்டும் எண்களே. உங்கள் வண்டிக்கு நீங்களே அளந்துகொள்ள வேண்டும், குறிப்பாகக் கீழ் பிளேட்டிலிருந்து அச்சின் மையம் வரையுள்ள ஃபோர்க்கின் நீளத்தை.

அளந்த பிறகு, ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிப் பாருங்கள். டயரோ மட்கார்டோ கீழ் பிளேட்டில் மோதினால் அந்தச் சேர்க்கையைக் கைவிட வேண்டியதுதான். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள், யு.எஸ்.டி. ஃபோர்க்கின் மேல்பகுதி தடிமனானது என்பதால் பெட்ரோல் டேங்கில் இடிக்கும் வாய்ப்பு அதிகம்.

ஸ்டெம்மை வெல்டிங் செய்வதற்கு நான் எந்நிலையிலும் உடன்பட மாட்டேன். புல்லட்டின் ஹெட் பைப் (ஸ்டெம் நுழையும் சேசிஸ் குழாய்) நீளத்துக்கும் கோன் செட் (அதிலுள்ள பேரிங்குகள்) அளவுக்கும் ஏற்ப, ஈ.என்.24 போன்ற உயர்தர எஃகில் புதிய ஸ்டெம்மைக் கடைந்து, கீழ் பிளேட்டில் பிரஸ் செய்து இறுக்குவதே முறை. அதைவிட எளிய வழியும் உண்டு. வெளிவிட்டம் உங்கள் சேசிஸுக்கும் உள்விட்டம் புதிய ஸ்டெம்முக்கும் பொருந்தும் டேப்பர் ரோலர் பேரிங் கிடைத்தால், ஹெட் பைப்புக்கு நீளம் ஒத்துவரும் பட்சத்தில், ஸ்டெம்மைத் தொடவே வேண்டியதில்லை. பேரிங் கடைக்கு வெர்னியர் அளவுகளோடு போங்கள். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறு எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்மீட்டர், இரு சிறு பைலட் விளக்குகள் ஆகியவற்றைத் தாங்கும் அந்த அழகிய கூடுதான் ஃபோர்க்கின் மேல் பிளேட்டும்கூட. ஃபோர்க்கை மாற்றினால் அதுவும் போய்விடும். புல்லட்டின் முகமே அதுதான் என்பது என் எண்ணம். உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் சரி.

என்னைக் கேட்டால், அந்தக் கூட்டை வைத்துக்கொண்டு, டிஸ்க் பிரேக்கோடு வந்த பிற்காலப் புல்லட்டுகளின் 35 மி.மீ. ஃபோர்க் கால்களைத் தேடச் சொல்வேன். மேல்முனைத் திருகுமரையையும் குழாயின் நீளத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினால் சக்கர அளவும் 19 அங்குலமாகவே இருக்கும், ஆஃப்செட் கணக்கும் கெடாது. கூடுதல் உறுதி வேண்டுமென்று ராயல் என்ஃபீல்டின் 41 மி.மீ. ஃபோர்க்குக்குப் போனால் மேல் கீழ் பிளேட்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். எதை வாங்கினாலும், ஏறி உட்கார்ந்தபின் ஃபோர்க் தன் மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் தாழ்கிறதா என்று பாருங்கள். 130 மி.மீ. அசைவுள்ள ஃபோர்க்கில் அது சுமார் 33 முதல் 43 மி.மீ. வரை இருக்கும். அதைவிட அதிகம் தாழ்ந்தால் ஸ்பிரிங் உங்கள் வண்டியின் எடைக்குப் போதாது.

பழைய ஃபோர்க் பெரும்பாலும் விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்தே வருகிறது. குழாயை வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வைத்து, வளைவைக் காட்டும் டயல் கேஜோடு சுழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆயில் சீல் உரசும் பகுதியில் நகம் சிக்குமளவுக்குக் குரோம் அரித்திருந்தால் சீல் நிலைக்காது. இரண்டு கால்களும் பிளேட்டில் இருக்கும்போது அச்சு கையாலேயே வழுக்கிச் செல்ல வேண்டும். பில்லும் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்களிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வீல்பேஸும் ஆர்.சி.யில் இருக்கும் விவரம். ஃபோர்க் மாறினால் அதுவும் மாறலாம். ஆகையால் வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: சாப்பர் தோற்றத்துக்காக என் வண்டியின் ஃபோர்க் குழாய்களின் மேல்முனையில் ஆறு அங்குலத் திருகுத் துண்டுகளைச் சேர்த்து நீட்டலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கூடாது. வளைவிசை மிகுதியாக விழும் பிளேட்டுகளின் அருகிலேயே அந்த இணைப்பு அமைந்துவிடும். அதோடு முன்பக்கம் உயர்ந்து, சாய்வும் டிரெயிலும் ஒருங்கே கூடி, மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாகப் பக்கவாட்டில் சாயத் தொடங்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படிப்பட்ட வண்டியைத் திருப்புவது எத்தகைய பாடு என்று எண்ணிப் பாருங்கள். நீளம் வேண்டுமென்றால் முழு நீளத்தில் ஒரே குழாயாகச் செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். அதற்கேற்ற ஆஃப்செட் உள்ள பிளேட்டுகளும் வேண்டும். மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஃபோர்க் ஆயில் அளவை மில்லி லிட்டரில் ஊற்றுவது சரியா, உயரம் பார்த்து ஊற்றுவது சரியா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: வேறு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்தும்போது உயரமே நம்பகமானது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, காலை முழுதாக அமுக்கி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். ஆயில் மட்டம் உயர்ந்தால் உள்ளே காற்றுக்கான இடம் குறைந்து, ஃபோர்க் தன் அசைவின் கடைசிப் பகுதியில் கடினமாகும். பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் அடிவரை போய் இடிக்கிறது என்றால் ஐந்து ஐந்து மி.மீ.யாக உயர்த்திப் பாருங்கள். இரண்டு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.