‘கர்ணன்’ படத்தில் சிவாஜியின் நடிப்பு மிகையா?

இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் அம்மம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்லுவா.

பி. ஆர். பந்துலு இயக்கி 1964இல் வந்த படம் இது. மேடை நாடகத்தில் ஊறி வந்த நடிப்பு. அரச சபையில் குரல் உயரத்தான் செய்யும். மிகை என்பவர்கள் அந்தக் காட்சிகளோடு நின்றுவிடுகிறார்கள்.

கடைசிக் காட்சிக்கு வாருங்கள். உடம்பெல்லாம் அம்பு, தேர்க்காலில் சாய்ந்து கிடக்கிறான் கர்ணன். சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ ஒலிக்கிறது. பாட்டு கண்ணனுடையது, சிவாஜிக்கு மிஞ்சியிருப்பது முகம் ஒன்றுதான். பாதி மூடிய அந்தக் கண்களில் வலியும் தெரிகிறது, ஒருவித நிம்மதியும் தெரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே கண்ணன், வேதியர் வேடத்தில் வந்து, கர்ணன் செய்த புண்ணியம் முழுவதையும் கேட்கும்போது அவன் தயங்குவதில்லை. கண்ணனாக வரும் என். டி. ராமராவின் அமைதியான புன்னகை எதிரே இருப்பதால்தான் அந்தக் கொடை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அசோகனின் துரியோதனனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வில்லனாக அல்ல, நண்பனாகவே நம்மை நம்ப வைக்கிறார்.

2012இல் புதுப்பித்து வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்.