நொண்டாமல் நொண்டும் குதிரை
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் ஒன்பது வயதுப் பெண் குதிரை, சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கினாலே கடிக்க வருகிறாள். ஏறி உட்கார்ந்ததும் காதைப் பின்னுக்கு மடக்கி வாலை வீசுகிறாள். கேன்டருக்கு (நிதானமான பாய்ச்சல் ஓட்டம்) மாற மறுக்கிறாள். நொண்டவில்லை. 'திமிர், சவுக்கை எடுங்கள்' என்கிறார் பயிற்சியாளர். எடுக்கலாமா?
– கோவை வாசகி

பதில்: வேண்டாம். ஒரு கால் வலித்தால்தான் குதிரை சாய்ந்து நொண்டும். இரண்டு பின்னங்காலும் ஒன்றுபோல வலித்தால் எந்தப் பக்கம் சாய்வது? நடை சுருங்கும், முதுகு விறைக்கும், அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணுக்கு அது சோம்பேறித்தனம், பிடிவாதம்.

பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசனும் சக ஆய்வாளர்களும் 2018-ல் சவாரிக் குதிரைகளுக்கென 24 வலி அறிகுறிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசை, மூட்டு, எலும்பு ஆகியவற்றில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். உங்கள் குதிரையிடம் பார்க்க வேண்டியவை சில: காது 5 விநாடிக்கு மேல் பின்னால் மடங்கியிருப்பது; வெறித்த பார்வை; கண்ணின் வெள்ளை தெரிவது; பல் விலகி வாய் திறந்து திறந்து மூடுவது; வாயிலுள்ள பிட் (கடிவாள இரும்பு) ஒரு பக்கமாக இழுபடுவது; தலை கோணுவது; வாலை ஒடுக்கிக்கொள்வது அல்லது ஓங்கி வீசுவது; பின்னங்கால்கள் முன்னங்கால் தடத்தில் விழாமல் விலகிப் போவது; கேன்டரில் தப்பான காலை முன்வைப்பது; அடிக்கடி இடறுவது. ட்ராட்டில் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்) 15 விநாடிக்கு 40 காலடிக்கு மேல் வைத்தால் அவசரம், 35-க்குக் கீழே என்றால் மந்தம். மட்டக் குதிரைகள் இயல்பிலேயே குறு அடி வைத்து விரைவாகப் போகும். இந்தக் கணக்கை அவற்றின் மேல் அப்படியே போடாதீர்கள். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் காது நுனி உள்ளே வளைந்திருக்கும். அங்கே நுனியை விட்டுவிட்டு, காதின் திறந்த பக்கம் எங்கே திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

யாரையாவது பத்து நிமிடம் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நடை, ட்ராட், கேன்டர், சின்ன வட்டம் எல்லாம் இரு பக்கமும் வேண்டும். பிறகு உட்கார்ந்து எண்ணுங்கள். வாலைப் பத்து முறை வீசினாலும் அது ஒரே மதிப்பெண்தான். 8-க்குக் கீழே வந்ததாலேயே வலி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. உங்கள் குதிரை பட்டையை இறுக்கும்போதே கடிக்க வருவதால், கால்களோடு சேணத்தின் பொருத்தத்தையும் இரைப்பைப் புண்ணையும் மருத்துவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நொண்டுவது தெரிகிறது. எந்தக் கால் என்றுதான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஊட்டி வாசகர்

பதில்: ட்ராட்டில் பாருங்கள். அதில் குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாகச் சீராக விழும், அதனால் பிசகு எடுப்பாகத் தெரியும். கெட்டியான சமதளத்தில் சுமார் 30 மீட்டர் ஓட்டுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் தலை ஆட முடியாது. பார்க்க வேண்டியதே அந்த ஆட்டத்தைத்தான்.

முன்னங்கால் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் வலி என்றால், குதிரைக்குப் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். இரு இடுப்பு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி வேகம் குறைத்துப் படமெடுத்தால், எந்தப் பக்கம் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் வலி.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இடது பின்னங்கால் வலித்தால், அது தரையில் படும்போது குதிரை பாரத்தை முன்னே தள்ளத் தலையைத் தாழ்த்தும். அதே நொடியில் ஜோடியாக விழுவது வலது முன்னங்கால். பார்ப்பவர் 'வலது நல்ல கால், இடது முன்னங்காலில்தான் கோளாறு' என்பார். எனவே தலையைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லாமல் இடுப்பையும் பாருங்கள். பிறகு லஞ்ச் கயிற்றில் (குதிரையைச் சுற்றிவரச் செய்யும் நீளக் கயிறு) வட்டமாக, கெட்டித் தரையிலும் மணலிலும் ஓட்டுங்கள். கெட்டித் தரையில் மோசமானால் குளம்பையும், மணலில் மோசமானால் தசைநார்களையும் முதலில் சந்தேகிக்கலாம்.

கேள்வி: லாடம் கட்டிய இரண்டாம் நாள், குதிரை ஒரு காலைத் தரையிலேயே ஊன்றவில்லை.
– ஓசூர் வாசகர்

பதில்: ஆணி உயிர்ச்சதைக்கு மிக அருகில் போயிருக்கலாம், உள்ளேயே இறங்கியும் இருக்கலாம். புறங்கையால் தொட்டு மற்றக் குளம்புகளோடு சூட்டை ஒப்பிடுங்கள். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்க ஓரங்களில் விரல் வைத்தால் நாடி 'தக் தக்' என்று அடிப்பது தெரியும். லாடக்காரரை அழைத்து ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள். எந்த ஆணிக்குக் காலை இழுக்கிறதோ அதைப் பிடுங்க வேண்டும். அழுத்தம் மட்டும்தான் என்றால் அதிலேயே சரியாகிவிடும். சீழ் கட்டியிருந்தால் மருத்துவர் திறந்து வடிக்க வேண்டும். கத்தியை நீங்கள் எடுக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த நோய் குதிரையை எளிதில் தாக்கும். எலும்பு முறிவும் இதே மாதிரிதான் காட்டும் என்பதால் மருத்துவர் வரும்வரை நடக்க வைக்க வேண்டாம்.

கேள்வி: போட்டிக்கு முன் 'பியூட்' கொடுத்து ஓட்டலாம் என்கிறார்களே?
– சென்னை வாசகர்

பதில்: 'பியூட்' என்கிற ஃபீனைல்பியூட்டசோன் வலி மருந்து. வலியை மறைக்கும், காரணத்தைத் தொடாது. அரைகுறையாகக் கிழிந்த தசைநார் வலி தெரியாமல் ஓடியே முழுதாகக் கிழியும். அளவு மீறினால் இரைப்பை, குடல் புண், சிறுநீரகக் கேடு. உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். எஃப்.ஈ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் போட்டிகளில் அந்த மருந்து உடலில் இருக்கவே கூடாது.

கேள்வி: சேணம் எப்போதும் வலப்பக்கம் நழுவுகிறது. நான் கோணலாக உட்காருகிறேனாம்.
– பெங்களூரு வாசகி

பதில்: இருக்கலாம். ஆனால் பின்னங்கால் வலியும் சேணத்தை நழுவ வைக்கும், பெரும்பாலும் வலிக்கும் காலின் பக்கமாகவே. வேறொருவர் ஏறினாலும் அதே பக்கம் நழுவினால் வலது பின்னங்காலைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலின் நரம்பை மரக்கச்செய்யும் ஊசியை மருத்துவர் போட்டதும் சேணம் நேரானால், பழி உங்கள் மேல் இல்லை.

கேள்வி: நிற்கும்போது ஒரு காலைத் தளர்த்தி நிற்பது வலியா?
– மதுரை வாசகர்

பதில்: பின்னங்கால் என்றால், மாற்றி மாற்றி வைக்கும்வரை அது ஓய்வுதான். ஒரே காலைத் திரும்பத் திரும்பத் தளர்த்தினாலும், முன்னங்கால் ஒன்றை நீட்டி வைத்து நின்றாலும் சந்தேகப்படுங்கள். இரு முன்னங்கால்களையும் முன்னே நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றால் குளம்பழற்சியாக (குளம்பின் உட்பக்கம் அழன்று வலிக்கும் நோய்) இருக்கலாம். தானியத்தை நிறுத்தி, தரையில் மெத்தென்று உமியோ மணலோ பரப்பி, அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.