கேபிள்காரரிடம் கேளுங்கள்: 271 ரூபாய் 40 காசு எங்கே போகிறது?

1994-இல் மதுரை செல்லூரில் ஒரு மொட்டை மாடி அறையில் ஒரு பெரிய டிஷ், இரண்டு வி.சி.ஆர்., எண்பது வீட்டு லைன் என்று தொழிலை ஆரம்பித்தவன் நான். இப்போது ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறேன். டிவியும் கொடுக்கிறேன், நெட்டும் கொடுக்கிறேன். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், குவித்துவிட்டீர்கள். முடிந்தவரை பதில் எழுதுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டிடிஎச் பற்றி நான் சொல்வதில் கேபிள்காரனின் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பானடியிலிருந்து ஓர் அக்கா: "முன்னாடி நூறு ரூபாய் கொடுத்தால் எல்லாச் சேனலும் வந்தது. இப்போது எதற்கெடுத்தாலும் தனிக் காசு. நீங்கள்தான் ஏற்றிவிட்டீர்களா?"

அக்கா, அந்த நூறு ரூபாய்க் காலத்தின் ரகசியத்தை இன்று சொல்லிவிடுகிறேன். அப்போது வயரில் வந்தது அனலாக், அதாவது பாக்ஸ் இல்லாமல் நேராக டிவிக்குப் போகிற பழைய சிக்னல். ஒரு கம்பத்திலிருந்து எத்தனை வீட்டுக்கு லைன் போகிறது என்று எனக்கும் என் லைன்மேனுக்கும் மட்டும்தான் தெரியும். சேனல் கம்பெனி ஆள் வந்து "எத்தனை கனெக்‌ஷன்?" என்று கேட்டால் ஆயிரம் இருக்கும் இடத்தில் இருநூறு என்போம். அவரும் நம்பாமல் முந்நூறு என்று எழுதிக்கொள்வார். டீ குடித்துவிட்டுப் போவார். ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. காட்டாத எழுநூறு வீட்டுக்குச் சேனல் காசே கிடையாது என்பதால்தான் உங்களுக்கு நூறு ரூபாய் கட்டுப்படியானது.

2006-இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும் லைன் கேட்டு வீட்டு வாசலில் வரிசை நின்றது. அப்புறம் 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி உயிர்பெற்று, மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 20 ரூபாய் அரசுக்கு, மீதி எங்களுக்கு. உண்மையைச் சொன்னால் அந்த 50 ரூபாயில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

கதையை மாற்றியது செட்டாப் பாக்ஸ். அரசு கேபிளுக்கு 2017-இல் டிஜிட்டல் உரிமம் வந்தது, பாக்ஸை இலவசமாகக் கொடுத்தார்கள். பாக்ஸ் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வீடும் ஒரு நம்பர். மேலே கம்ப்யூட்டரில் தெரிகிற எண்ணிக்கைக்குக் காசு கட்டியே ஆக வேண்டும். ஏற்றியது நான் இல்லை அக்கா. மறைக்க முடியாமல் போனதுதான் விலையாக வந்து நிற்கிறது.

திருப்பாலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: "மாதம் கட்டுகிற பணத்தில் யாருக்கு எவ்வளவு? விளக்கமாகச் சொல்லுங்கள் அண்ணே."

நல்ல கேள்வி தம்பி, எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

2019 பிப்ரவரி 1 முதல் டிராயின், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின், புதிய கட்டண முறை வந்தது. லைன் வைத்திருப்பதற்கு ஒரு கட்டணம், அதிகபட்சம் 130 ரூபாய். முதலில் அதற்கு நூறு சேனல், பிறகு இருநூறு ஆக்கினார்கள். அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. 100 ரூபாய்க்குக் கட்டணச் சேனல் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 130-ம் 100-ம் சேர்ந்து 230. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 41.40. ஆக 271.40.

இனி பங்கு பிரிப்போம். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் டிராய் சொன்ன விகிதம் இது: லைன் கட்டணத்தில் 55 சதவீதம் மேலே இருக்கிற பெரிய நிறுவனத்துக்கு, அதாவது எம்.எஸ்.ஓ.வுக்கு. 45 சதவீதம் உங்கள் தெரு ஆபரேட்டருக்கு. அப்படிப் பார்த்தால் எனக்கு 58.50. சேனல் காசு 100-இல் 80 ரூபாய் சேனல்காரருக்கு நேராகப் போய்விடும். மிச்சம் 20-ஐ அதே 55-45-இல் பிரித்தால் என் கைக்கு 9 ரூபாய். மொத்தம் சேனல்காரருக்கு 80, எம்.எஸ்.ஓ.வுக்கு 82.50, வரி 41.40, எனக்கு 67.50. இந்த 67.50-இல்தான் லைன்மேன் சம்பளம், கம்ப வாடகை, கரண்டு பில், குரங்கு அறுத்த வயர் எல்லாம். யானைமலை அடிவாரத்தில் லைன் வைத்திருப்பவனுக்குக் குரங்கு தனிச் செலவு.

2024 ஜூலையில் அந்த 130 என்ற உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. இப்போது நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி வைக்கலாம். அதனால் உங்கள் பில்லில் எண்கள் வேறாக இருக்கலாம், பிரிகிற விதம் இதுதான். கவனித்தீர்களா, நூறு ரூபாய்க்குச் சேனலை விற்றுக் கொடுத்தால் எனக்கு ஒன்பது ரூபாய். லைனை மட்டும் கொடுத்தால் ஐம்பத்தெட்டு. என்னைக் கேட்டால் நீங்கள் மாதாமாதம் வாங்குவது சேனலே இல்லை, வயரும் கூப்பிட்டால் வருகிற ஆளும்தான்.

மேலூரிலிருந்து ஒரு டிடிஎச் வாடிக்கையாளர்: "மழை வந்தால் படம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக் கேபிளில் தெளிவாக வருகிறது. ஏன்?"

உங்கள் டிஷ்ஷுக்கு வருவது கே.யூ. பேண்ட் என்கிற அலைவரிசை. அதன் அலை நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளி அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். எங்கள் எம்.எஸ்.ஓ. இடத்தில் இருக்கிற பெரிய டிஷ்கள் சி பேண்டில் வாங்குகின்றன. அங்கே அலை ஏழெட்டு சென்டிமீட்டர், மழையைப் பெரிதாகச் சட்டை செய்யாது. ஐப்பசி அடைமழையில் எங்களுக்கு வேறு வியாதி: கரண்டு போய்விடும். ஆக இருவரும் சமம்.

ஆனால் தூறலுக்கே படம் போகிறது என்றால் மழை மேல் பழி போடாதீர்கள். போன மாதம் ஒரு வீட்டில் வெயில் காலத்திலேயே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "என்னவென்று பாருங்கள், டிடிஎச்காரர் வரவே இல்லை" என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாடி ஏறி எல்.என்.பி.யில், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற சின்னப் பெட்டியில், திருகியிருந்த கனெக்டரைக் கழற்றினேன். செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது, உள்ளே எறும்பு முட்டையோடு குடித்தனம். அரை அங்குலம் வெட்டிப் புது கனெக்டர் போட்டு, வாய்க்கு டேப் சுற்றினேன். செலவு பதினைந்து ரூபாய்.

இன்னொன்று: மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சில நாட்கள் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் தடுமாறினால் பயப்படாதீர்கள். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. தானாகச் சரியாகிவிடும்.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர்: "தோட்டத்து வீட்டுக்குக் கேபிள் வராது. மாதக் காசு கட்டவும் மனசில்லை. இலவச டிஷ் போடலாமா?"

தாராளமாகப் போடுங்கள் ஐயா. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு முறைச் செலவுதான். டிடி தமிழ் வரும். அதுதான் பழைய பொதிகை, 2024 ஜனவரியில் பெயர் மாற்றினார்கள். ஆனால் வீட்டில் சாயங்காலம் சீரியல் பார்க்கிறவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அதில் இந்திச் சேனல்தான் கொட்டிக் கிடக்கிறது, தமிழ் குறைவு.

நீங்களே திருப்பி வைப்பதாக இருந்தால்: சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து காம்பஸில் வடக்கிலிருந்து வலமாக 122 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே. உயரம் 68 டிகிரி, கிட்டத்தட்ட உச்சி வானம். டிஷ் முகம் அவ்வளவு மேலே பார்க்காதே என்று குழம்ப வேண்டாம், சின்ன டிஷ்ஷின் வளைவே அப்படி, சாய்வாக வாங்கும். டில்லியில் இதே சாட்டிலைட் 52 டிகிரியில்தான் தெரியும். அதனால் நம் ஊரில் ஒரு வசதி: தென்னை மரம் டிஷ்ஷை ஒட்டியே நின்றால்தான் மறைக்கும்.

விளாங்குடியிலிருந்து ஒருவர்: "அப்பா வாங்கிய சாட்டிலைட் ரேடியோ பெட்டி ஒன்று பரணில் கிடக்கிறது. மறுபடி பாட வைக்க முடியுமா?"

வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டியைச் சொல்கிறீர்கள். முடியாது தம்பி. 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் அது நின்றுபோனது. ஏ.ஆர்.ரகுமான் இசையோடு விளம்பரம் செய்தார்கள், டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கண்ணாடிக்குள் வைத்து விற்றார்கள். ஒலி சுத்தமாக இருக்கும், நடுவில் விளம்பரம் இல்லாமல் பாட்டு வரும்.

அது ஏன் தோற்றது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் எக்ஸ்.எம்., சிரியஸ் என்று இரண்டு சாட்டிலைட் ரேடியோ 2001, 2002-இல் வந்து, 2008-இல் ஒன்றாகி இன்றைக்கும் ஓடுகிறது. காரணம் அது காருக்குள் போனது. கட்டடம் மறைக்கிற நகரங்களில் தரையிலேயே சின்ன ஒலிபரப்பிகளை நட்டு இடைவெளியை நிரப்பினார்கள். இங்கே அது அமையவில்லை. ஆன்டெனாவை ஜன்னலில் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பினால்தான் பாடும். பேருந்திலும் டீக்கடையிலும் சும்மா கேட்கிற பாட்டுக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தா கட்ட நம் ஆட்கள் தயாராக இல்லை. அதே சமயம் தனியார் எஃப்எம் வேறு இலவசமாக வந்து இறங்கிவிட்டது. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அப்பா ஞாபகமாக இருக்கட்டும்.

"எஃப்எம்மில் ஏன் நியூஸே வருவதில்லை?"

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை, ஆகாஷ்வாணிச் செய்தியை அப்படியே போடலாம். செய்தி வேண்டுமென்றால் மதுரை வானொலி 103.3 இருக்கிறது, கோடைப் பண்பலை 100.5 இருக்கிறது. மலை உச்சியில் கோபுரம் இருப்பதால் கோடை நம் பக்கம் முழுக்கக் கேட்கும்.

ஆனையூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவர்: "ஒரு கேபிள் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பாக்ஸும் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். சிம் மாதிரி கார்டை மட்டும் மாற்ற முடியாதா?"

பாக்ஸுக்குள் பூட்டு மென்பொருள் இருக்கிறது, ஒவ்வொரு கம்பெனிக்கும் அது வேறு வேறு. ஒருவர் சாவி இன்னொருவர் பூட்டுக்குச் சேராது. எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற பாக்ஸ் வேண்டும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். கடையில் போய் வாங்கும் நிலை வரவில்லை.

இதில் நான் பட்டது சொல்லி மாளாது. டிஜிட்டல் புதிதாக வந்தபோது ஒரு நிறுவனத்தை நம்பி, பெயர் வேண்டாம், முன்பணம் கட்டி முந்நூறு பாக்ஸ் எடுத்தேன். இரண்டு வருடத்தில் அவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். பாக்ஸில் ஒரு குறையும் இல்லை, சிக்னல் கொடுக்கத்தான் ஆள் இல்லை. மூன்று சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பழைய இரும்புக்காரர் அடாப்டருக்கு மட்டும் விலை சொன்னார்.

மாட்டுத்தாவணிப் பக்கம் கடை வைத்திருப்பவர்: "திடீரென்று சில சேனல் மட்டும் கறுப்பாகி, 'ஆபரேட்டரை அணுகவும்' என்று வருகிறது. நீங்கள் காசு கட்டவில்லையா?"

பெரும்பாலும் மேலே நடக்கிற சண்டை அது. 2023 பிப்ரவரியில் சேனல் விலை ஏற்றத்துக்கு எம்.எஸ்.ஓ.க்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். பெரிய சேனல் கம்பெனிகள் சில நாள் சிக்னலையே நிறுத்திவிட்டன. எனக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆனால் திரையில் 'ஆபரேட்டர்' என்று எழுதியிருக்கும், எல்லாரும் என் போனுக்கு அடிப்பார்கள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு அன்று மட்டும் இப்படி ஆகக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

கே.கே.நகரிலிருந்து ஒருவர்: "பையன் எல்லாவற்றையும் மொபைலில் பார்க்கிறான். கேபிளைக் கட் பண்ணிவிடலாமா?"

பையன் ஒருவன்தான் வீட்டில் என்றால் கட் பண்ணுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நாடு முழுக்க ஏழு கோடியைத் தொட்ட டிடிஎச் இணைப்பு இன்று ஆறு கோடிக்கும் கீழே வந்துவிட்டது, கேபிளும் இறங்குகிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஓடிடி சந்தா, அதற்கு மேல் நெட். கூட்டினால் கேபிளைவிட அதிகம் வரும். அம்மாவுக்கு ரிமோட்டில் ஒரு நம்பரை அழுத்தினால் சீரியல் வர வேண்டும், பாஸ்வேர்டு எல்லாம் ஆகாது.

நடுவழி ஒன்று இருக்கிறது. என் லைனில் இப்போது ஒரே கண்ணாடி இழையில் இரண்டும் போகிறது: நெட்டுக்கு 1310, 1490 நானோமீட்டர் ஒளி, டிவிக்கு 1550. ஒன்றோடொன்று மோதாது. வீட்டில் வைக்கிற சின்னப் பெட்டியில் ஒரு துளை நெட்டுக்கு, இன்னொரு துளை டிவிக்கு. டிவியை நிறுத்தினாலும் இழை அங்கேயேதான் இருக்கும். மூன்று வருடம் முன்பு கேபிளை வெட்டச் சொன்ன வீடுகளில் முக்கால்வாசி இன்று என்னிடம் நெட் வாங்குகின்றன. அதே கம்பம், அதே ஆள், சேனல்காரருக்குப் பங்கு மட்டும் கிடையாது.

ஒத்தக்கடையிலிருந்தே ஒரு பாட்டிக்காகப் பேரன்: "ரிமோட்டில் 4-ஆம் நம்பர் மட்டும் அமுங்க மாட்டேன் என்கிறது."

உள்ளே இருக்கிற ரப்பரில் கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்கும். சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாளைப் பொட்டளவு வெட்டி, அந்தப் பொத்தானுக்கு அடியில் ஒட்டிப் பார். சரிவரவில்லை என்றால் ஆறு மணிக்கு மேல் கடைக்குக் கொண்டு வா, பழைய ரிமோட் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.