கேளுங்கள், சொல்கிறேன்: வானத்து போனுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் போட் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்பக் கிழமைக் கணக்காகும். செய்மதி போன் வாங்கச் சொல்லி மருமகன் நச்சரிக்கிறான். நிமிடத்துக்கு ஒரு டொலருக்கு மேலாம். அந்தக் காசுக்கு இங்கே நாள் கணக்கில் பேசலாமே! இது பகல் கொள்ளை இல்லையா?
- போட் உரிமையாளர், வாழைச்சேனை

பதில்: அண்ணன், நீங்கள் அதைக் கரையில் பேசும் போனோடு வைத்துப் பார்க்கிறீர்கள், அதனால்தான் கொள்ளையாகத் தெரிகிறது. கரையில் ஒரு டவரின் செலவை ஆயிரக்கணக்கான பேர் பங்கு போட்டுக் கட்டுகிறோம். ஆழ்கடலில் டவர் ஏது? அங்கே உங்கள் மலிவு பக்கேஜ் டோர்ச் அடிக்கத்தான் உதவும். போட்டுக்கு ஏற்றும் டீசல், ஐஸ், வலையின் விலை, இவற்றுக்குப் பக்கத்தில் வைத்து இந்த போனைப் பாருங்கள்.

நான் தொண்ணூறுகளில் மட்டக்களப்பு டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருந்தவன். ஒரு அம்மா வருவார், மகன் சுவிசில். போட்டோ கொப்பிக்கு ஐம்பது சதம் குறைக்கச் சொல்லி என்னோடு மல்லுக்கட்டுவார். மகனோடு பேசும்போது மீற்றரில் சிவப்பு இலக்கம் ஓடுவதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய தாள்களை மேசையில் நீவி நீவி வைப்பார். அப்புறம் இன்டர்நெட் கோல் வந்தது. அதே மகன், அதே குரல், ஆனால் பழைய விலையைச் சொன்னால் அவரே சிரித்திருப்பார். வேறு வழி வந்ததும் பெறுமதி இறங்கிவிட்டது. உங்கள் போட்டுக்கு அந்த வேறு வழி என்ன? ரேடியோ செட் இருக்கிறது, சரி. ஆனால் அதில் ஸ்கிப்பர் வீட்டுக்காரியோடு பேச முடியாது. கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தி வரும் இரவில் ஒரு நிமிடம் எவ்வளவு பெறும் என்று அந்த வீட்டுக்காரியிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லும் தொகையும் அவர் சொல்லும் தொகையும் ஒன்றாக இராது.

வாங்குவதென்றால் அரட்டைக்கு வாங்காதீர்கள். முற்கொடுப்பனவு நிமிடங்கள் பல திட்டங்களில் குறித்த காலத்தோடு காலாவதியாகும். கரையிலிருந்து அந்த இலக்கத்துக்கு எடுப்பவருக்கும் பில் எகிறும். தினமும் ஒரே நேரத்தில் போட்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும். முக்கியமாக, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி எடுக்காமல் போனைத் தொடாதீர்கள். இந்தியாவிலும் அனுமதியில்லாத செய்மதி போன் குற்றம். போட் அந்தப் பக்கம் இழுபட்டுப் போனால் எல்லை தாண்டிய வழக்கோடு இதுவும் சேரும்.

கேள்வி: இரிடியம் என்ற செய்மதி போன் கம்பனி வங்குரோத்தானது விலை கூடியதாலா?
- உயர்தர வணிகப் பிரிவு மாணவி, கல்முனை

பதில்: பாதிச் சரி, தங்கச்சி. சுமார் 500 கோடி டொலர் கொட்டி, 66 செய்மதிகளோடு 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. போன் 3,000 டொலர் அளவில், பேச்சு நிமிடத்துக்குப் பல டொலர். குறி வைத்தது ஊர் சுற்றும் வியாபாரிகளை. செய்மதிகள் மேலே போய்ச் சேர்வதற்குள் அவர்கள் சட்டைப் பைக்குள் சாதாரண செல்போன் வந்துவிட்டது. இதுவோ செங்கல் கனம், கட்டடத்துக்குள் வேலையும் செய்யாது. 1999 ஆகஸ்டில் வங்குரோத்து. அதை வாங்கியவர்கள் கொடுத்தது சுமார் 2.5 கோடி டொலர்தான். அதே செய்மதிகளை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் விற்றார்கள். அவர்களுக்கு அது விலையாகவே தெரியவில்லை. ஆனால் விடைத்தாளில் பெறுமதியை மட்டும் எழுதிவிட்டு எழும்பாதீர்கள். அந்த 500 கோடியைத் திரும்ப எடுக்கும் சுமை புதியவர்களுக்கு இருக்கவில்லை, அதனால் விலையையும் இறக்க முடிந்தது.

கேள்வி: ஐபோனில் செய்மதி வழி அவசர உதவி இலவசமாமே, ஏன்?
- விடுதி நடத்துபவர், பொத்துவில்

பதில்: 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கினார்கள். இரண்டு வருடம் இலவசம் என்று சொல்லி, பிறகு நீட்டினார்கள். போன் விலையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். மலையில் கால் முறிந்து கிடப்பவனிடம் பில் கட்டினாயா என்று கேட்கிற கம்பனியாக எவனுக்கும் பெயர் வாங்க விருப்பமிராது. ஆனால் எல்லா நாட்டிலும் அது கிடைக்காது, அதனால் அறுகம்பையில் அலைச்சறுக்க வருகிறவர்களுக்கு அதை நம்பச் சொல்லாதீர்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 இரண்டையும் பெரிதாக எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டுங்கள்.