டயல்-அப் (தொலைபேசிவழி இணைய இணைப்பு) தரவிறக்கச் சிக்கல்கள்: கொழும்புப் பகுதி வாசகர்களின் கேள்வி பதில்

வெள்ளவத்தை: ஐயா, கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் 56கே மொடம் வாங்கியும் தரவிறக்க வேகம் 4.6 என்றே காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. பெட்டியில் அச்சிட்டிருப்பது கிலோபிட். திரையில் தெரிவது கிலோபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; 56ஐ எட்டால் வகுத்தால் ஏழு. அந்த ஏழும் முழுதாகக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைப்பது நல்ல வேகமே.

கொட்டாஞ்சேனை: 12 மெகாபைட் கோப்பு, மாலை வேளையில் எப்போதும் பாதியில் அறுந்துவிடுகிறது. மொடத்தை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். மேலே சொன்ன 4.6 கிலோபைட் வேகத்தில் அந்தக் கோப்பு இறங்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். மாலையில் அவ்வளவு நேரம் வேறு அழைப்பு வராத வீடு அரிது. அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால், அதன் ‘பீப்’ ஒலி வரும் கணத்தில் மொடம் எதிர்முனையின் சைகையை இழந்து இணைப்பைத் துண்டித்துவிடும். டயல் செய்யுமுன் அந்த வசதியை நிறுத்துங்கள். முடியாவிட்டால், சைகை இழந்தபின் மொடம் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதைக் குறிக்கும் எஸ்10 பதிவேட்டின் (மொடத்தின் ஓர் அமைப்பு) மதிப்பைக் கூட்டுங்கள். அது பத்திலொரு வினாடிக் கணக்கு. 14 என்றிருந்தால் 1.4 வினாடி பொறுக்கும், 50 என்றால் ஐந்து வினாடி. அடுத்த அறையில் யாரும் ரிசீவரைத் தூக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, விட்ட இடத்திலிருந்து தொடரும் கெட்ரைட் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவது. வழங்கி (கோப்பைத் தரும் கணினி) அதற்கு இடங்கொடுத்தால் எத்தனை முறை அறுந்தாலும் இறங்கிய பகுதி வீணாகாது. இடி முழங்கினால் மட்டும் கோப்பைப் பற்றி யோசியாமல் தொலைபேசிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

தெஹிவளை: கடற்கரையோர வீடு. மழை பெய்தால் இணைப்பு வேகம் வினாடிக்கு 26,400 பிட்டுக்கு இறங்குகிறது.

பதில்: ரிசீவரை எடுத்து, ஓர் எண்ணை அழுத்தி, டயல் ஒலி நின்றதும் செவிகொடுங்கள். கரகரப்புக் கேட்டால் சுவரிலுள்ள இணைப்புப் பெட்டியைப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்திருக்கக்கூடும். வீட்டுக்கு வெளியேயுள்ள கம்பி தொலைபேசி நிறுவனத்தின் பொறுப்பு, முறையிடுங்கள்.

மருதானை: 56கே மொடத்தில் ஐந்துக்கு மேல் போகவில்லையே?

பதில்: முதற் பதிலைப் படியுங்கள்.

பம்பலப்பிட்டி: எம்.டி.யு.வை (தரவைத் துண்டாக அனுப்பும் பொதியின் உச்ச அளவு, பைட்டில்) 1500இலிருந்து 576 ஆக்கினால் வேகம் கூடுமாமே?

பதில்: தரவிறக்கத்துக்குக் கூடாது, சற்றுக் குறையும். ஒவ்வொரு பொதிக்கும் 40 பைட் தலைப்பு (முகவரி முதலிய விவரம்) உண்டு. 576இல் அது ஏழு சதவீதம், 1500இல் மூன்றுக்கும் குறைவு. தலைப்புச் சுருக்கம் இயங்கினால் இந்த வேறுபாடும் பெரிதாகத் தெரியாது.

கொட்டாஞ்சேனை: ஒப்பமாட்டேன். இரைச்சலுள்ள கம்பியில் சிறிய பொதி கெட்டால் மீண்டும் அனுப்ப வேண்டியதும் சிறிதுதானே?

பதில்: மொடங்கள் இடையில் இல்லையென்றால் உங்கள் வாதம் சரி. வி.42 என்ற மொடப் பிழைதிருத்த முறை இயங்கும்போது மொடங்கள் தமக்குள் 128 பைட் அளவான சட்டகங்களாகப் பிரித்து, கெட்டதை மீண்டும் அனுப்பிக்கொள்கின்றன. மேலேயுள்ள பொதியின் அளவு அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

கொட்டாஞ்சேனை: தரவிறக்கிக்கொண்டே அரட்டையடிக்கும்போது 576தான் சுறுசுறுப்பாக இருக்கிறது. இதை மறுப்பீர்களா?

பதில்: மறுக்கமாட்டேன். 33.6 கிலோபிட் வேகத்தில் 1500 பைட் பொதி கம்பியை மூன்றிலொரு வினாடிக்கும் மேல் அடைத்துக்கொள்ளும். உங்கள் அரட்டை வரி அதன் பின்னால் நிற்கும். ஆனால் கேட்கப்பட்டது தரவிறக்க வேகம்.

கல்கிசை: சிப் கோப்பு முழுதாக இறங்கியும் பழுதென்கிறது. கம்பி இரைச்சல்தானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிழைதிருத்தம் இருக்கையில் இரைச்சல் வேகத்தைக் குறைக்குமேயன்றி உள்ளடக்கத்தைக் கெடுக்காது. கோப்பின் அளவை வழங்கியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், எஃப்.டி.பி.யில் (கோப்புப் பரிமாற்ற முறை) எடுத்திருந்தால், உரை முறையிலிருந்து பைனரி முறைக்கு மாற்றி மீண்டும் எடுங்கள்.

நுகேகொடை: ஐபிஎம் மடிக்கணினியின் மின்கலம் நிற்பதில்லை.

பதில்: வன்பொருள் பகுதியில் கேளுங்கள்.

கிருலப்பனை: நேற்றைய இடிக்குப் பின் மொடம் டயல் ஒலி இல்லை என்கிறது.

பதில்: அதே செருகியில் தொலைபேசியை மாட்டிப் பாருங்கள். அதில் ஒலி கேட்டால் மொடம் எரிந்திருக்கும்; புதிதுதான் வாங்க வேண்டும். இடி முழங்கினால் தொலைபேசிக் கம்பியைக் கழற்றச் சொல்லி மேலே எழுதியதற்குக் காரணம் இதுவே: மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும்.