பால் மாறும் வேற்றுக்கிரகவாசிகள் வெறும் கற்பனைதானா?

"மூன்று பால், பால் மாறும் இனம் என்று அறிவியல் புனைகதைகளில் எழுதுவது வாசகரை அதிரவைக்கத்தானே? இயற்கையில் ஏது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு கதை படித்துச் சலித்திருப்பீர்கள் போல. நான் விலங்கியல் படித்தவன் இல்லை, கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவன். அந்த "இயற்கையில் ஏது" என்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் கடையில் மூன்றடி டேங்க்கில் க்ளவுன் மீன் ஜோடி ஒன்று இருந்தது. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. பெரியது பெண், பின்னாலேயே சுற்றும் சின்னது ஆண். கடைப் பையன் அந்த ஆணுக்கு "மாப்ள" என்று பேர் வைத்திருந்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. நானும் மனைவியும் மாற்றி மாற்றித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், காற்று கலக்க வேண்டுமே. இரண்டாம் நாள் விடிகாலையில் பெரியது போய்விட்டது.

பிறகு மாப்ளயோடு ஒரு குட்டியைச் சேர்த்தேன். சில மாதத்தில் மாப்ள தடித்து, குட்டியை அதட்ட ஆரம்பித்தது. குட்டி அதன் முன்னால் உடம்பை உதறிப் பணிந்து போகும். ஒருநாள் சாயங்காலம் பார்த்தால், மண்சட்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சு முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. இட்டது மாப்ள! முன்பு முட்டைக்குக் காவல் இருந்த அதே தகப்பன். இப்போது குட்டி துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவன் கடை சாத்தும்வரை எழுந்திருக்கவில்லை.

இந்த மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் முதிரும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும். இதைச் சொன்னால், "ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்று குட்டி வாங்க வருபவர்கள் நான் ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். 

இனி நீங்கள் சொன்ன கதைகளுக்கு வருவோம். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969 நாவலில் படைத்த கெத்தென் கிரகத்தில் பெரும்பாலான நாட்களில் யாரும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. மாதத்தில் சில நாள் ஏதோ ஒன்றாவார்கள். ஒரே ஆள் ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொன்றுக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். நிரந்தர ஆண், நிரந்தரப் பெண் இல்லாத ஊரில் அரசியலும் குடும்பமும் எப்படி நடக்கும் என்று பார்க்கிற கதை அது. இதில் அதிரவைக்கும் வேலை எங்கே இருக்கிறது? இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளரான அசிமோவின் 1972 நாவலில் வரும் வேற்றுலகவாசிகளுக்கு மூன்று பால். குழந்தை உருவாக மூவரும் கூட வேண்டும். மீனையும் மனிதரையும் ஒப்பிடுகிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள், கதைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முட்டையைப் பார்த்த பையன், "அண்ணே, இனிமே மாப்ளைய அவன்னு சொல்றதா, அவள்னு சொல்றதா?" என்றான். மீனுக்கு "அது" போதும். கெத்தென்காரர்களுக்கு லெ குவின் ஆங்கில ஆண்பால் சொல்லையே போட்டார். அதற்கு விமர்சனம் வந்து, பிற்பாடு அவரே அது சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். நமக்கு "அவர்" இருக்கிறது. அந்த நாவலில் ஓர் அரசர் கர்ப்பமாவார். "அரசர் கருவுற்றிருக்கிறார்" என்று தமிழில் எழுதிப் பாருங்கள், இலக்கணம் எங்கும் இடிக்காது.

மாப்ள இன்னும் அதே டேங்க்கில்தான் இருக்கிறது. பேரை நாங்கள் மாற்றவில்லை. கொளத்தூர் பக்கம் வந்தால் வந்து பாருங்கள்.